செருப்பில் தொடங்குங்கள்: ஊருக்குப் போகும் பெட்டிக்கு ஒரு துணிக்கணக்கு

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கட்டில் மேல் முதலில் வந்து விழுவது குர்தியும் சட்டையும்தான். அதற்கு ஜோடியாக லெக்கின்ஸ், பேன்ட். பெட்டியை மூடுகிற நேரத்தில்தான் செருப்பு ஞாபகம் வரும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். முதலில் காலுக்கு என்ன என்று முடிவு பண்ணுங்கள். பிறகு இடுப்புக்குக் கீழே, பிறகு மேலே. துப்பட்டா, ஷால், கம்மல் எல்லாம் கடைசியில்.

காரணம் எடையும் இடமும். ஒரு ஜோடி ஸ்போர்ட்ஸ் ஷூ அரை கிலோவுக்குப் பக்கமாக வரும். ஒரு காட்டன் குர்தி 200 முதல் 250 கிராம்தான். மூன்றாவது ஜோடி செருப்புக்கு விடுகிற இடத்தில் இரண்டு மூன்று மேலாடை வைத்துவிடலாம். அதைவிட, குர்தியை இன்றைக்கு லெக்கின்ஸோடும் நாளைக்கு பலாசோவோடும் போடலாம். செருப்பு அப்படி வளைந்து கொடுக்காது. அதன் நிறமும் குதி உயரமும்தான் மற்றதையெல்லாம் தீர்மானிக்கும்.

நான்கைந்து நாள் பயணத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஒன்று காலில், ஒன்று பெட்டியில். கனமானது காலில் இருக்கட்டும். நிறத்தில் ஒரு முடிவு எடுங்கள்: இந்தப் பயணம் டேன் பிரவுனா, கறுப்பா? டேன் என்றால் நேவி ப்ளூ, சந்தனம், அரக்கு, பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள் எல்லாவற்றோடும் போகும். கறுப்பு என்றால் சாம்பல், வெள்ளை, கறுப்பு, வெள்ளி நகை. பெல்ட்டும் தோள்பையும் அதே குடும்பத்தில் வரட்டும். ஆண்கள் கறுப்பு ஷூவுக்கு பிரவுன் பெல்ட் கட்டிக்கொண்டு போவதுதான் நல்ல சட்டையையும் வீணாக்குகிற முதல் தப்பு. புதுச் செருப்பைப் பயணத்துக்காக வாங்கினால் ஒரு வாரம் முன்னாடியே வாங்கி, வீட்டுக்குள்ளும் கடைக்குப் போகவும் போட்டுப் பழக்குங்கள். குதிகாலில் கொப்புளம் வந்தவர் நடையே மாறிவிடும். அதற்கு மேல் எந்த உடுப்பும் அழகாகத் தெரியாது.

செருப்பு முடிவானதும் பேன்ட், லெக்கின்ஸ், பலாசோ. இதன் நீளத்தை அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஒன்றரை இஞ்ச் குதிக்கு அளவெடுத்து மடித்துத் தைத்த பலாசோ, தட்டைச் செருப்பில் தரையைத் துடைக்கும். கோயில் பயணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றியதும் அடிமடிப்பு கல்தரையில் இழுபடும், பிரகார ஈரத்தை உறிஞ்சும், மதியத்துக்குள் ஓரம் கறுத்துவிடும். கோயில்கள் உள்ள பயணத்துக்குக் கணுக்கால் தெரிகிற ஆங்கிள் லெக்கின்ஸோ நேர்வெட்டு பேன்ட்டோ எடுப்பது இதனால்தான்.

கீழாடை எத்தனை? நான்கு நாளுக்கு இரண்டு, ஒரு வாரத்துக்கு மூன்று. அதில் ஜீன்ஸ் ஒன்றுக்கு மேல் வேண்டாம். 600, 700 கிராம் எடை, நனைந்தால் காய முழு நாள் ஆகும். நேவி ப்ளூ ஒன்று, சந்தனமோ சாம்பலோ ஒன்று என்று எடுத்துவிட்டு, மேலாடைகளை அந்த இரண்டின் மேலும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டோடும் பொருந்துகிற மேலாடைக்குத்தான் பெட்டியில் இடம். ஒன்றோடு மட்டும் பொருந்துகிற அழகான குர்தி வீட்டிலேயே இருக்கட்டும், எவ்வளவு பிடித்திருந்தாலும். இப்படி நான்கு மேலாடை தேறினால் எட்டு ஜோடி. மேலே திறந்தபடி போட்டுக்கொள்ள ஒரு ஷர்ட்டோ ஷ்ரக்கோ சேர்ந்தால் பதினாறு. நான்கு நாளைக்கு இதற்கு மேல் யாருக்கும் தேவையில்லை.

நீளத்திலும் ஒரு பொருத்தம் உண்டு. இடுப்புக்குச் சற்றுக் கீழே முடிகிற குட்டைக் குர்திக்கு அகலமான பலாசோ. முழங்காலைத் தாண்டும் நேர்வெட்டு குர்திக்கு ஒட்டிய பேன்ட். இரண்டும் தளர்வாக இருந்தால் உருவமே தெரியாது. நீளக் குர்தியில் பக்கவாட்டுத் திறப்பு இடுப்பெலும்புக்கு மேலே ஏறியிருந்தால், பஸ்ஸில் மேல்படி ஏறும்போதும் தரையில் உட்காரும்போதும் இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தையல்காரரிடம் இரண்டு இஞ்ச் இறக்கித் தைத்துத் தரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

கரையைப் பார்த்து நிறம் பிடிப்பது

எந்த நிறத்துக்கு எது சேரும் என்று குழம்புபவர்கள் பீரோவைத் திறந்து அம்மாவின் பட்டுச்சேலைகளைப் பார்த்தால் போதும். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை. மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை. மயில்கழுத்துக்கு வாடாமல்லி. எம்.எஸ். ப்ளூவுக்குச் சிவப்பு. தறிக்காரர்கள் பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து முடிவுசெய்த ஜோடிகள் இவை. நம்முடைய தோல் நிறத்திலும் நம்மூர் வெயிலிலும் நின்று காட்டியவை. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வெளிறிய பீச்சும் சாம்பல் ரோஸும் வாங்கி, போட்டோவில் முகம் களையிழந்து தெரிகிறதே என்று வருத்தப்படுபவர்கள் அதிகம். மாநிறத்துக்கு அரக்கும் கடுகு மஞ்சளும் ராமர் பச்சையும் கொடுக்கிற எடுப்பை அந்த நிறங்கள் கொடுப்பதில்லை.

சேலையிலிருந்து நிறத்தோடு அளவையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சேலையின் அகலம் 45 முதல் 48 இஞ்ச். சாதாரணக் கரை ஐந்தாறு இஞ்ச். அதாவது எட்டில் ஒரு பங்குதான் எதிர்நிறம். மஞ்சள் குர்திக்கு அரக்கு பேன்ட் போட்டால் பாதிக்குப் பாதி, கண்ணை உறுத்தும். மஞ்சள் குர்தி, சந்தன பேன்ட், அரக்கில் துப்பட்டாவை ஒரே தோளில் மடித்துப் போட்டால் கரை மாதிரி அமைந்துவிடும். துப்பட்டா வேண்டாதவர்கள் அந்த அரக்கைப் பையிலோ பொட்டிலோ கொண்டுவரலாம். ஓர் ஆளின் மேல் மொத்தம் மூன்று நிறம். அதில் ஒன்று சாதுவான நிறம்.

குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் எடுப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. போட்டோவில் அது சீருடை மாதிரி தெரியும். ஒருவர் மட்டும் பூப்போட்டதோ கலம்காரியோ போடட்டும். அந்தப் பூவில் இருக்கும் மூன்று நான்கு நிறங்களில் ஆளுக்கு ஒன்றை மற்றவர்கள் வெற்றுத் துணியாக எடுக்கட்டும். பார்த்தவுடன் ஒரே குடும்பம் என்று தெரியும், ஒவ்வொருவரும் தனித்தும் தெரிவார்கள்.

வாங்கும் இடத்தில்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட், கோடவுன் தெருவில் வெட்டித் தரும் துணி, தங்கசாலைத் தெருப் பக்கம் வளையலும் கவரிங்கும். வடசென்னைக்காரர்களுக்கு இதற்காகத் தி.நகர் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எல்லாக் கடையிலும் ஒரே எதிரி உண்டு. விளக்கு. வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் நேவி ப்ளூவும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். இரண்டு வெவ்வேறு அரக்கு ஒரே அரக்காகத் தெரியும். வீட்டுக்கு வந்து வெயிலில் பார்த்தால் ஒன்றில் ஊதா ஓடும், ஒன்றில் பழுப்பு ஓடும்.

"அண்ணா, வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

"தாராளமா பாருங்கக்கா. பையனைக் கூட அனுப்பறேன்."

கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. கூட்டம் இல்லாத காலை 11 மணிக்குப் போனால் நிதானமாகப் பார்க்கலாம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம் இது நடக்காது.

இன்னொரு வழி. வீட்டில் இருக்கும் பேன்ட், சேலை, பிளவுஸ் ஒவ்வொன்றின் உள்தையலில் விட்டிருக்கும் மிச்சத் துணியிலிருந்து நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரிசையாக ஒட்டி, எது எந்தத் துணி என்று பென்சிலில் எழுதி பர்ஸில் வையுங்கள். மேட்சிங் பிளவுஸுக்கு 80 சென்டிமீட்டர் துணி கேட்கும்போது இந்த அட்டையை நீட்டினால் கடைக்காரருக்கும் வேலை மிச்சம். போனில் எடுத்த படத்தைக் காட்டி நிறம் கேட்பது பிரயோசனப்படாது. கேமரா ஒரு நிறத்தைச் சொல்லும், திரை இன்னொன்றைச் சொல்லும்.

வாங்கிய துணியை அப்படியே பெட்டியில் வைக்கக் கூடாது. ஒரு தடவையாவது துவைத்துப் பார்த்துவிட வேண்டும். சாயம் போகுமா என்று தெரிந்துகொள்ள, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணியின் உள்பக்கத் தையலில் பத்து தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் முதல் மூன்று சலவையும் தனியாக, பச்சைத் தண்ணீரில். கல் உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீடுகளில் நம்பிக்கை உண்டு. துணியில் ஒட்டாமல் மேலோடு நிற்கிற உபரிச் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. அது அலசி அலசித்தான் போக வேண்டும். அந்த ஒரு சலவையைத் தள்ளிப்போட்டவரின் வெள்ளை குர்திதான் லாட்ஜ் வாளியில் ரோஸ் ஆகிறது.

சாயம் போவது நம்மூருக்குப் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றிய துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை. மெட்ராஸ் கவர்னர் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர், அவர் பெயர் மருவி காலடிப்பேட்டை. மெட்ராஸ் பெயரால் உலகம் சுற்றிய கட்டம் போட்ட துணி அமெரிக்காவில் 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று, சாயம் கசிவதையே சிறப்பாகச் சொல்லி விற்கப்பட்டது. ஒவ்வொரு சலவையிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாவதை அங்கே விரும்பி வாங்கினார்கள். அந்த ஜாதித் துணி இன்றைக்கும் சட்டையாகக் கிடைத்தால் வாங்கலாம், பயணத்துக்கு அருமையானது. கட்டத்துக்குள் மூன்று நான்கு நிறம் இருப்பதால் எந்த வெற்று பேன்ட்டோடும் சேரும், சின்னக் கறையும் கசங்கலும் தெரியாது.

பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது லைனிங் துணியை முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி அக்குள் பக்கம் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். நல்ல தையல்காரர்கள் அவர்களே நனைத்துவிடுவார்கள். அவசரத் தையலில் அது விட்டுப்போகும்.

துணி வகையைப் பொறுத்தவரை பயணத்துக்கு எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடையாது. சென்னைப் புழுக்கத்துக்குக் காட்டனை மிஞ்சியது இல்லை, ஆனால் கசங்கும். ரேயான் உடம்போடு அழகாக விழும். நனைந்தால் இழை பலவீனமாகிவிடும், முறுக்கிப் பிழிந்தால் உருவம் கெடும். கிரேப்பும் ஜார்ஜெட்டும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கட்டலாம், பாலியஸ்டர் என்றால் வியர்வை வாடை தங்கும். ஆண்களின் சட்டைக்குக் காட்டனும் பாலியஸ்டரும் கலந்தது பயணத்தில் கைகொடுக்கும். வியர்வை அதிகம் காட்டிக்கொடுப்பது சாம்பலும் வெளிர் நீலமும். வெள்ளை, நேவி, சின்னப் பூ போட்டவை மறைத்துவிடும். மே மாதத்தில் பெட்டி கட்டுபவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி நாள் நிம்மதியாக இருக்கலாம்.

கஞ்சி போட்ட காட்டன் சேலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விறைப்பான கஞ்சியோடு பெட்டியில் வைத்தால் மடிப்பு உடைந்த கோடாக நிற்கும், கட்டினாலும் போகாது. பயணத்துக்கு எடுக்கிற சேலைக்குப் பாதிக் கஞ்சி, அல்லது கஞ்சியே வேண்டாம். தெருமுனை அயர்ன் வண்டியிலிருந்து சுடச்சுட வந்ததை உடனே அடுக்குவதும் தப்பு. துணிக்குள் சூடும் ஈரமும் இருக்கும்போது மேலே பாரம் ஏறினால் புது மடிப்பு விழும். ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் பரப்பி ஆறவிட்டு அடுக்குங்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கொடியில் காய்ந்தது போல இருக்கும் துணியிலும் தையல் மடிப்பில் ஈரம் நிற்கும். உள்ளங்கையில் பிடித்தால் தெரியாது. இடுப்புப் பட்டையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. அதை மூடிய பெட்டியில் போட்டால் மறுநாள் பெட்டி முழுக்கப் பூஞ்சை வாடை.

மலைக்கு

ராத்திரி சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஊட்டி போகிறவர்கள் ஒரே நாளில் மூன்று பருவத்தைக் கடக்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர். சென்னையைவிடப் பதினான்கு, பதினைந்து டிகிரி குளிர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனியே பிடிக்கும். அதே நாள் மதிய வெயிலில் ஸ்வெட்டர் சுடும். ஆகவே ஒரே கனமான உடுப்பு உதவாது. உள்ளே ஒட்டிய பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டையோ குர்தியோ, அதன்மேல் ஜாக்கெட். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அப்படியென்றால் நடுவில் இருப்பதும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். ஜாக்கெட் மறைத்துவிடும் என்று சாயம் போன சட்டையை உள்ளே போடுபவர்கள் பதினொரு மணிக்கு மாட்டிக்கொள்வார்கள்.

மலையில் எடுக்கும் எல்லாப் படத்திலும் தெரிவது ஜாக்கெட்டும் கழுத்தும்தான். மூன்று நாளைக்கு மூன்று ஜாக்கெட் எடுக்க முடியாது. ஜாக்கெட் ஒன்றே ஒன்று. அதை நேவியிலோ அரக்கிலோ எடுங்கள். தேயிலைத் தோட்டத்தின் முன்னால் பச்சை காணாமல் போகும், அரக்கு எடுத்துக் கொடுக்கும். அதோடு இரண்டு மூன்று ஸ்கார்ஃபோ மெல்லிய ஷாலோ. ஒவ்வொன்றும் 100, 150 கிராம்தான், ஆனால் நாளுக்கு நாள் தோற்றத்தை மாற்றுவது அதுதான். ஜாக்கெட்டைப் பெட்டியில் திணிக்காமல் கையோடு கொண்டுபோங்கள், ஏ.சி. பெட்டியில் போர்வைக்கு மேல் உதவும்.

மலை ரயிலில் ஏறுகிறவர்கள் அன்றைக்கு வெள்ளையும் சந்தனமும் போட வேண்டாம். குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும்; ஜன்னலோரம் உட்கார்ந்தால் புகைக்கரித் துகள் தோளில் வந்து உட்காரும். தட்டிவிட வேண்டும், தேய்த்தால் கோடு போட்டுவிடும். மலையில் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கும் வேண்டாம். அந்தக் குளிரில் லெக்கின்ஸ்கூட ராத்திரியில் காயாது. உள்ளாடையும் சாக்ஸும் நாள் எண்ணிக்கையோடு இரண்டு கூடுதலாக எடுங்கள்.

கோயிலுக்கு

மாதவரத்திலிருந்து பஸ் ஏறி திருப்பதி போய்த் திரும்புகிறவர்கள் ஒரே உடுப்பில் பதினெட்டு மணி நேரம்கூட இருக்க நேரிடும். திருமலை தரிசனத்துக்கு ஆண்கள் வேட்டி சட்டை அல்லது குர்தா பைஜாமா. பெண்கள் சேலை, தாவணி, துப்பட்டாவோடு சுடிதார். வரிசையில் தரையிலும் படியிலும் உட்கார வேண்டியிருப்பதால் நல்ல பட்டு வேண்டாம். சுங்குடியோ மென்மையான காட்டன் சேலையோ கட்டி, தோளில் ஒரு பின்னுக்கு இரண்டாகக் குத்திக்கொள்ளுங்கள். நெரிசலில் முந்தானை இழுபட்டால் ஒற்றைப் பின் துணியைக் கிழித்துக்கொண்டு வரும். பின்னுக்கும் துணிக்கும் நடுவே சின்ன மணி ஒன்றைக் கோத்துவிட்டால் பின்னின் சுருளில் இழை சிக்காது.

கேரளம் என்றால் விதி வேறு. குருவாயூரிலும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் ஆண்கள் சட்டை இல்லாமல் வேட்டியோடுதான் உள்ளே போக வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலில் சுடிதார் போட்ட பெண்கள் மேலே வேட்டி சுற்றிக்கொண்டு போவார்கள். வாசலில் வாங்கலாம்தான். ஆனாலும் எந்தப் பயணத்துக்கும் மெல்லிய கரை போட்ட சந்தன நிற நாலு முழ வேட்டி ஒன்று பெட்டியில் இருக்கட்டும். கோயிலுக்குக் கட்டலாம், பட்டுச்சேலையைச் சுற்றி வைக்கலாம், ரயிலில் விரிக்கலாம். ஆண்களுக்கு வேட்டிக் கரைக்கு அதே நிறச் சட்டை என்று செட்டாக வரும். வீட்டு விசேஷத்துக்கு அது அழகு. பயணத்துக்கு மெல்லிய தங்க ஜரிகைக் கரைதான் சரி, எந்தச் சட்டையும் அதன் மேல் நிற்கும்.

கல்யாணத்துக்கு

தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊராகக் கொண்ட குடும்பங்கள் நிறைய. முகூர்த்த நாளில் எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் நிற்கும் பிளாட்பாரத்தைப் பார்த்தால் தெரியும், பாதிப் பெட்டிகளில் பட்டுச்சேலைதான். முந்தின நாள் சாயங்கால வரவேற்பு, காலை முகூர்த்தம், அப்புறம் மறுவீடு. மூன்று சேலைக்கு மூன்று பிளவுஸ், மூன்று பாவாடை, மூன்று செட் நகை என்று போனால் பெட்டி தாங்காது. மூன்று சேலையிலும் பொதுவாக ஒரு நிறம் இருக்கிற மாதிரி எடுங்கள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, பச்சையில் அரக்குக் கரை, சந்தனத்தில் அரக்கு முந்தி. அரக்குப் பட்டில் கையில் கொஞ்சம் வேலைப்பாடு வைத்துத் தைத்த ஒரே பிளவுஸ் மூன்றுக்கும் போகும். வியர்வைக்காக மாற்று ஒன்று போதும். செருப்புக்குத் தங்க நிறத் தட்டை ஒன்று.

இப்போது பாக்ஸ் ஃபோல்டிங் செய்து தருகிறவர்கள் ஏரியாவுக்கு ஏரியா இருக்கிறார்கள். முன்கொசுவமும் முந்தானை மடிப்பும் எடுத்து, அயர்ன் பண்ணி, க்ளிப் போட்டு, நோட்டுப் புத்தகம் அளவுக்கு மடித்துத் தருவார்கள். மண்டபத்தில் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். இதில் தப்பு நடப்பது அளவில். கொடுக்கும்போது இடுப்பளவு, உயரம், போடப்போகும் செருப்பின் குதி உயரம் மூன்றையும் சொல்ல வேண்டும். குதிச் செருப்புக்கு எடுத்த மடிப்பைத் தட்டைச் செருப்போடு கட்டினால் ஓர் இஞ்ச் தரையில் இழுபடும். இடுப்பில் மேலே சொருகினால் வயிற்றில் உப்பும், மடிப்பும் கலையும். பெட்டியில் இது எல்லாவற்றுக்கும் மேலே, படுக்கையாக. பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் கொசுவம் சரிந்துவிடும்.

ஜரிகைச் சேலையைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய காட்டன் வேட்டியில் சுற்றுங்கள். ஜரிகை உள்பக்கமாக மடியட்டும். அந்துருண்டை ஜரிகையில் நேராகப் பட்டால் கறுக்கும். சென்ட்டைச் சேலை கட்டிய பிறகு அடிக்கக் கூடாது. கட்டுவதற்கு முன்னால் கழுத்திலும் மணிக்கட்டிலும் தடவி உலரவிடுங்கள்.

பெட்டி

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒவ்வொரு ஜோடியையும் செருப்போடு முழுசாகப் போட்டுப் பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள், மேல் பெர்த்தில் பை வைப்பது போலக் கையைத் தூக்குங்கள். எங்கே இழுக்கிறது, எந்தப் பட்டன் பிளக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். சரியாக இருக்கும் ஜோடியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஊரில் காலையில் யோசிக்க வேண்டாம், படத்தைப் பார்த்து எடுத்துப் போடலாம்.

சக்கரம் இருக்கும் பக்கம் ஷூ. அதற்குள் சாக்ஸும் பெல்ட்டும். ஜீன்ஸ், டி-ஷர்ட், லெக்கின்ஸ் எல்லாம் சுருட்டலாம். அயர்ன் சட்டை, லினன், பட்டு சுருட்டக் கூடாது. சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் சுருட்டி வைத்தால் காலர் நசுங்காது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம் என்பதால் ரயிலில் எடை பெரிய பிரச்சினை இல்லை. உள்நாட்டு விமானத்தில் பொதுவாகக் கையில் 7 கிலோ, சரக்கில் 15 கிலோதான். அங்கே மூன்றாவது ஜோடி செருப்பு காசாகவே திரும்பி வரும்.

ரயிலில் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டால் காலையில் அதைத் திறக்க முடியாது, நடுவில் எதிர் சீட்டுக்காரர் கால் இருக்கும். ராத்திரி உடுப்பும் மறுநாள் காலைக்கான முழு ஜோடியும், உள்ளாடை, பின், பொட்டு வரை, ஒரு கட்டைப்பையில் தனியாக இருக்கட்டும். தலைமாட்டில் வைத்துக்கொண்டு, இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மாற்றிக்கொள்ளலாம். கழிவறைக்குள் மாற்றும்போது கால்சட்டை ஓரம் நனையும் என்பதால் முதலில் பேன்ட்டின் கால்பகுதியை மடித்து முழங்கால் வரை சுருட்டிவிட்டுப் போடுங்கள், வெளியே வந்து இறக்கிவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்களுக்கு வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்குமே ஒரு தனி உடுப்பு வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆட்டோ சுற்றித்தான் போகும், புளியந்தோப்பில் இறங்கி நடக்கவும் நேரலாம். முழங்காலுக்குக் கீழே சுருட்டக்கூடிய, சீக்கிரம் காயும் பேன்ட், ரப்பர் செருப்பு. நல்ல ஷூ பிளாஸ்டிக் கவரில் பெட்டிக்குள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது பெரிய நிம்மதி. சென்ட்ரல் வரை நனையாமல் போய்விடலாம். மெட்ரோ நிலையம் வரைக்கும்தான் ரப்பர் செருப்பு.

போன இடத்தில்

ராத்திரி துவைத்துக் காலையில் போட வேண்டுமென்றால், பிழிந்த துணியைக் காய்ந்த துண்டின் மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். கையால் பிழிவதைவிட அதிக ஈரம் துண்டுக்கு இறங்கிவிடும். பிறகு ஃபேனுக்குக் கீழே. லெக்கின்ஸ், மெல்லிய குர்தி ஆறேழு மணி நேரத்தில் காயும். கொடிக்கு மூன்று மீட்டர் நைலான் கயிறு கையோடு இருக்கட்டும்.

கசங்கிய ரேயானுக்கு அயர்ன் பாக்ஸ் தேட வேண்டாம். குளியலறைக் கதவைச் சாத்தி, ஒரு வாளி கொதிக்கிற வெந்நீரை வைத்து, மேலே துணியைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கையால் நீவி ஃபேனில் போடுங்கள். கெட்டிக் காட்டனுக்கு இது அவ்வளவாகப் பலிக்காது.

சாம்பார் கொட்டினால் சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகும். பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. அலசிவிட்டு நேர் வெயிலில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் வெளுத்துவிடும். எண்ணெய் பட்டால் உடனே தண்ணீர் விடாமல் முகப்பவுடரைக் கொட்டி இருபது நிமிடம் விட்டுத் தட்டுங்கள். குங்குமம் விழுந்தால் உதறத்தான் வேண்டும். ஈரக்கை பட்டதோ, அந்தச் சட்டை அவ்வளவுதான்.

திரும்பும் நாளுக்கு ஒரு நல்ல ஜோடியை ஒதுக்கி வைப்பவர்கள் குறைவு. கடைசி நாளில்தான் சொந்தக்காரர் வீட்டுக்கு எட்டிப் பார்ப்பதும், ஸ்டேஷன் வாசலில் எல்லாரும் சேர்ந்து படம் எடுப்பதும் நடக்கும். நேவி பேன்ட்டும் கட்டம் போட்ட சட்டையும் அதற்காகவே கடைசி வரை காத்திருக்கட்டும். அழுக்குத் துணி தனித் துணிப்பையில். வீட்டுக்கு வந்த அன்றைக்கே, எவ்வளவு அசதியாக இருந்தாலும், பட்டுச்சேலையை மட்டும் வேட்டியிலிருந்து பிரித்து வெயில் படாத கொடியில் இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். திரும்ப மடிக்கும்போது பழைய மடிப்பு விழுந்த இடத்தை விட்டு ஒரு சாண் தள்ளி மடியுங்கள். அதே கோட்டில் மடித்துக்கொண்டே வந்தால் ஜரிகை அங்கேதான் முதலில் விட்டுப்போகும்.